வாயில விரல்

ஏ கழுதைகளா, நேத்து ட்ரெய்னிங்ல நான் மட்டும் ஏன் விரல வைக்கலன்னு ஆளாளுக்கு கேட்டுத் தொலைச்சீங்கள்ல, அதுக்குத்தான் இது. நேர்ல சொல்லலாம்தான். ஆனா நீங்க ஒருத்தியும் முழுசா கேக்க மாட்டீக, பாதியில ஒருத்தி "டீ குடிச்சிட்டு வந்து கேப்பமாடி"ம்பா. அதான் டைப்ரைட்டிங் கிளாஸ்ல வாத்தியாரு வெளிய போன கேப்புல மடமடன்னு தட்டுறேன். பிழைய எண்ணிட்டு இருக்காம படிங்க.

நேத்து லீவு போட்டவளுகளுக்கு: பால்வாடி டீச்சர் வேலைக்குன்னு போயிருக்கோம், நடத்துறம்மா வந்து நின்னதும் மொதப் பாடமே "பிள்ளைகள அமைதியாக்கணுமா, வாயில விரல்"ங்கிறாங்க. ஒடனே அம்புட்டுப் பேரும், பூராம் டிகிரி முடிச்ச எருமைக, ஆள்காட்டி விரலத் தூக்கி ஒதட்டுல வச்சுட்டு உக்காந்துட்டீக. நான் கைய மடியிலயே வச்சிருந்தேன். அந்தம்மா மொறச்சாங்க. "என்னம்மா, பெரிய ரோசமோ?"ன்னாங்க. ரோசமெல்லாம் இல்லடி. கை தூக்க வரல.

நமக்கும் வயசாகிப் போச்சு பாத்துக்கங்க. இருபத்திரெண்டு. வீட்ல மாப்ள பாக்க ஆரம்பிச்சிட்டாய்ங்க. கெழவிக மாதிரி பழசப் பேசுறேன்னு ஓட்டாதீங்க.

எனக்கு அப்ப நாலு வயசா நாலரையான்னு தெரியல. எழுபதுகளோட ஆரம்பம்னு வச்சுக்கங்க. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கட்டட வேலை ஓயாம நடந்துட்டு இருந்த நேரம். எங்கப்பா சிமெண்டு கொட்டகைக்கு வாட்ச்மேன், எங்கம்மா அதே வேலையில சித்தாள். கல்லுப்பட்டிக்கு மேக்க இருந்து காட்ட வித்துட்டு வந்தவங்க நாங்க. அத்தையும் எங்ககூடத்தான் இருந்துச்சு, அப்பாவோட அக்கா. அது ஒரு வேலைக்கும் போகாது, ஆனா வீட்டுச் சட்டம் பூராம் அதுதான் போடும்.

பால்வாடிங்கிறது ஒரே ரூம்பு. மாதர் சங்கத்துக்குன்னு கட்டுன கட்டடம், சங்கம் கூடாததால எங்களுக்குக் குடுத்துட்டாய்ங்க. ஓட்டுக்கு நடுவுல ஒரு கண்ணாடி ஓடு. அதுல இருந்து வெயிலு வட்டமா விழுந்து காலையில இருந்து மத்தியானத்துக்குள்ள கோரைப்பாயில ஊர்ந்து போகும். அது கரும்பலகை கிட்டப் போயிருச்சுன்னா உப்புமா வரப்போகுதுன்னு அர்த்தம். மஞ்ச மாவு உப்புமா. வெளிநாட்டுல இருந்து மூட்டையில வருமாம். ஒரு மாதிரி மக்கிப்போன இனிப்பு வாசம். இப்பவும் ரேஷன் கடை கோணிய மோந்தா அந்த வாசம் வரும் எனக்கு. காலையில பால்பவுடர் கரைச்ச பாலு. அடியில கட்டி கட்டியா நிக்கும், அத விரலால வழிச்சு நக்குறதுதான் பாலவிட ருசி. ஆளுக்கொரு அலுமினிய டம்ளரு, அடியில செவப்பு பெயிண்டுல நம்பர். எனக்கு ஏழு. எனக்கு ஏழுன்னு படிக்கத் தெரியாது, அருவா மாதிரி வளைஞ்சிருக்கிறது என்னோடதுன்னு தெரியும்.

டீச்சர் திருநகர்ல இருந்து பஸ்ஸு மாறி வருவாங்க. நல்லவங்கதான். இத நான் மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா பின்னாடி நீங்க வைவீங்க. அவங்களும் பாவம், ஒத்தை ஆளு, முப்பது பொடுசுக. ஒத்தாசைக்கு ஒரு ஆயா, அது உப்புமா கிண்டவும் மூக்கத் தொடைக்கவுமே சரியாப் போகும். அதனால டீச்சர் ஒரு வழி வச்சிருந்தாங்க. "வாயில விரல்"னு சொல்லி அவங்க விரல ஒதட்டுல வைப்பாங்க, நாங்களும் வைக்கணும். "விரல் கீழ"ன்னா எடுக்கணும். ஒரு நாளைக்கு எத்தன தடவைன்னு கணக்கே இல்ல. வச்சுட்டு இருக்கப்ப பேசுனா, திரும்புனா, உப்புமா கடைசியாத்தான் கெடைக்கும். கடைசி உப்புமான்னா அடிப்பிடிச்சது.

இதுல எங்களுக்கே கொழப்பம்தான். வாய மூடுன்னும் அவங்கதான் சொல்லுவாங்க, அடுத்த நிமிஷம் "என்ன, யாருக்கும் வாய் இல்லையா, சத்தமாப் பாடுங்க"ன்னும் அவங்கதான் சொல்லுவாங்க. நான் சத்தமாக் கத்துவேன்னு என்னய லீடராக்கி விட்டாங்க. லீடருக்கு வேலை, விரல் வைக்காதவளுகளக் கிள்ளுறது. டீச்சர் கிள்ளச் சொல்லல. "பாத்துக்க"ன்னுதான் சொன்னாங்க. கிள்ளுனது என்னோட சொந்தத் திட்டம்.

அப்பத்தான் அந்தப் பிள்ளை வந்துச்சு. பேரு வேணாம். பட்டுநூல்காரக் குடும்பம், டவுன்ல இருந்து வந்து எங்க பக்கம் ஒரு கொட்டகை புடிச்சு தறி போட்டிருந்தாய்ங்க. அவங்கம்மா அதக் கொண்டாந்து விட்டப்ப தலையில நூல்பஞ்சு ஒட்டியிருந்துச்சு. "டீச்சர், இது செத்த கூச்சம். பாத்துக்கங்க"ன்னு அம்புட்டு அழகாத் தமிழ்ல சொல்லிட்டுப் போனாங்க. அதுல வந்துச்சுடி வினை. மதுரையில பட்டுநூல்காரவுக நம்மளவிட நல்லாத் தமிழ் பேசுவாக, நம்ம காலேஜ்லயே பாத்தமே. அதனால பிள்ளைக்கும் வரும்னு டீச்சர் நெனச்சுட்டாங்க. வீட்டுக்குள்ள அவங்க சௌராஷ்டிர பாஷை மட்டும்தான் ஓடுது, வெளிய வராத நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாதுன்னு யாருக்கும் தோணல. அவங்கம்மாவுக்கே தோணல. வந்தா வந்துரும்னு விட்டுட்டாங்க.

மொத நாளு அது பாயில உக்காந்ததும் என்னமோ கேட்டுச்சு. எனக்குப் புரியல. டீச்சர் விரல வச்சாங்க, நாங்க வச்சோம், அது எங்களப் பாத்து வச்சுச்சு. செத்த நேரம் கழிச்சு "விரல் கீழ"ன்னாங்க. நாங்க எடுத்தோம், அதுவும் எடுத்துச்சு.

நான் கிள்ளுனேன்.

ஏன்னு கேக்காதீங்க. புதுப் பிள்ளைக்கு நான் லீடர்னு தெரியணும்ல. தொடையில நறுக்குனு கிள்ளி, அது கையப் புடிச்சுத் திரும்ப ஒதட்டுல வச்சு விட்டேன். அது என்னயவே பாத்துச்சு, கண்ணு ரொம்பிருச்சு, ஆனா விரல எடுக்கல. மறுநாளும் எடுக்கப் பாத்துச்சு, மறுபடி கிள்ளுனேன். மூணாம் நாள்ல இருந்து கிள்ள வேண்டிய வேலையே இல்ல. வாசப்படி ஏறுறப்பவே விரல வச்சுட்டுத்தான் வரும். திங்கிறதுக்கு எடுக்கும், தின்னுட்டு வச்சுக்கும். டீச்சர் "விரல் கீழ"ன்னா அது என்னயப் பாக்கும், நான் கண்ண உருட்டுவேன், வச்சுக்கிட்டே இருக்கும். எனக்கு அம்புட்டுப் பெருமை. இந்த ரூம்புல எம் பேச்சக் கேக்குறதுக்கும் ஒரு ஆளு.

இதுல என்ன லந்துன்னா, வெளிய நாங்க ரெண்டு பேரும் அப்படி ஒரு கூட்டு. கட்டடத்துக்குப் பின்னால ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்துச்சு, தட்டு கழுவ. சாப்புட்டதும் அங்க போவோம். படியிறங்குனதும் அந்தப் பிள்ளை விரல எடுத்துரும். எடுத்ததும் பேச ஆரம்பிக்கும் பாருங்க, கொழாயத் தொறந்து விட்ட மாதிரி. ஒண்ணும் புரியாது, ஆனா கேக்க நல்லாருக்கும். தண்ணிய அள்ளிக் காட்டி ஒண்ணு சொல்லும், நான் சொல்லுவேன். ஓணானக் காட்டி ஒண்ணு, எங் காதுத் தோட்டக் காட்டி ஒண்ணு. சோத்துக்கு 'பாத்'து. வான்னு கூப்புட 'அவோ'. கைய மடக்கி மடக்கி "அவோ, அவோ"ங்கும், நான் பின்னாடியே ஓடுவேன். உள்ள நான் லீடர், வெளிய அது லீடர். நான் நெனச்சது, இது தொட்டிக்கிட்டப் பேசுற பேச்சு, பால்வாடிக்குப் போற எல்லாரும் படிச்சுக்கிறதுன்னு. ஒரு பிள்ளையோட வீட்டுப் பேச்சுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?

அதனால வீட்லயும் பேசுனேன்.

ஒரு நாள் பொழுது சாய எங்கம்மா சிமெண்டு கையோட வந்து அடுப்பு மூட்டுது. நான் சொவத்துப் பக்கம் உக்காந்துட்டு, ஆளே இல்லாத எடத்தப் பாத்து கைய மடக்கி மடக்கி "அவோ, அவோ, பாத், பாத்"ங்கிறேன். அத்தை வெத்தல மெல்லுறத நிப்பாட்டிருச்சு.

"ஏத்தா, என்னா பேசுற?"

நான் இன்னும் நாலு வார்த்தை விட்டேன். கைதட்டுவாகன்னு நெனச்சேன்.

"ஏண்டி, ஒம் மக யாரடி கூப்புடுறா?"ன்னு அத்தை எங்கம்மாட்ட கேக்குது.

"ஏ, யாருடி சொல்லிக் குடுத்தா?"ன்னு எங்கம்மா ஒலுக்குது.

"தொட்டிக்கிட்ட இருக்கிற பிள்ளை"ன்னேன்.

அம்புட்டுத்தான். தண்ணித் தொட்டி, பின்னாடி, பிள்ளை, தெரியாத பேச்சு. இதுக்கு மேல எங்க ஆளுகளுக்கு என்ன வேணும்? அப்பா மட்டும் "அட, பால்வாடியில இங்கிலீஷு சொல்லிக் குடுப்பாய்ங்களா இருக்கும்"னாரு. அத்தை அவர வஞ்ச வசவ டைப் அடிக்க முடியாது.

வெள்ளிக்கெழம பேயோட்டுற கோடாங்கிட்டக் கொண்டு போனாய்ங்க. வேப்பெண்ணெ நாத்தமும் சாம்பிராணிப் பொகையுமா ஒரு குடிசை. அவரு உடுக்கைய அடிச்சு, தலைய ஆட்டி, "யாரு வந்திருக்க? பேசு"ன்னு என்னயக் கேட்டாரு. நான் பயந்துபோயி எனக்குத் தெரிஞ்சத எல்லாம் பேசிட்டேன். அவரே ஒரு நிமிஷம் உடுக்கைய நிப்பாட்டிட்டாரு. அப்புறம் சுதாரிச்சு, தண்ணியில போன கன்னிப் பிள்ளை ஒண்ணு, தொணைக்கு ஆள் தேடுதுன்னாரு. கைக்கு ஒரு தாயத்து கட்டி, எங்கிட்டக் குனிஞ்சு, "தாயி, அந்தப் பேச்சு இனி ஒன் வாயில வரக்கூடாது. அந்தப் பிள்ளையப் பத்தியும் யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது. விட்ட, ஒன்னய இழுத்துட்டுப் போயிரும்"னு சொன்னாரு. வாயில வெத்தலச் சாறு, பல்லு பூராம் செவப்பு.

நாலு வயசுல எனக்குப் புரிஞ்சது இம்புட்டுத்தான்: தொட்டிக்கிட்ட எங்கூட வெளையாடுற பிள்ளை செத்துப்போன பிள்ளை. ஆனா அதுவும் உப்புமா திங்குது. டம்ளர்ல நம்பரும் இருக்கு. ஒரே கொழப்பம். அதுக்கப்புறம் நான் தட்டு கழுவப் பின்னாடி போகல. அது தொட்டிக்கிட்ட நின்னு கூப்புடும், நான் ஆயாவோட சேலையப் புடிச்சுக்குவேன். உள்ளயும் அது பக்கத்துல உக்காரல. உள்ளயும் பேசாம, வெளியயும் பேச ஆளில்லாம, அந்தப் பிள்ளை முழு ஊமையாகிருச்சு.

டீச்சர் அப்பத்தான் கவனிச்சாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல, அக்கறையாத்தான் கவனிச்சாங்க. "ஆயா, இந்தப் பிள்ளை வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசி நீ கேட்ருக்கியா?"

"நான் கேக்கல டீச்சர். அதுபாட்டுக்கு இருக்கும். தங்கமான பிள்ளை."

"அதான் பயமா இருக்கு"ன்னாங்க டீச்சர்.

மறு வாரம் ஜீப்பு. மேல இருந்து ஒரு அதிகாரியம்மா பாக்க வர்றாங்கன்னு ஒரு வாரமா ட்ரில்லு. "ஜீப்பு வந்தாலும் சரி, ஆனை வந்தாலும் சரி, யாரும் திரும்பக் கூடாது. வாயில விரல். நேராப் பாக்கணும்." தெனம் ஆயா பின்னாடி நின்னு தட்டத் தட்டும், நாங்க திரும்பாம இருந்து பழகணும். நாங்க எங்க பழகுனோம்? தட்டு விழுந்ததும் இருபத்தொம்போது தலையும் திரும்பும். ஒரு தல மட்டும் திரும்பாது.

அதிகாரியம்மா கண்ணாடி போட்டு, கையில கறுப்பு பேக்கோட வந்தாங்க. டம்ளர எண்ணுனாங்க, மாவு மூட்டையப் பாத்தாங்க, படம் காட்டிக் கேள்வி கேட்டாங்க. டீச்சர் மெதுவா அவங்க காதுல என்னமோ சொன்னாங்க. அந்தம்மா மேசை மேல இருந்த பித்தளை மணிய எடுத்துட்டுப் பைய்யப் பின்னாடி போயி, அந்தப் பிள்ளை தலைக்கு நேரா நின்னு ஓங்கி அடிச்சாங்க.

நாங்க பூராம் திரும்பிட்டோம். அது திரும்பல. முதுகு நிமிந்து, கண்ணு நேரா, வாயில விரல். அடிப்பிடிச்ச உப்புமா தனக்கு இல்லன்னு அதுக்கு நிச்சயம் தெரியும். மறுபடி அடிச்சாங்க. கண்ணு மட்டும் ஒரு சிமிட்டு. அத, அதுக்கு நேர் முன்னாடி உக்காந்து திரும்பிப் பாத்த நான் மட்டும் பாத்தேன்.

முன்னாடி வந்து குனிஞ்சு, "உம் பேரென்ன கண்ணு?"ன்னாங்க. அது என்னயப் பாத்துச்சு. அந்தம்மா அது விரலப் புடிச்சு எடுத்து விட்டாங்க. அது திரும்ப வச்சுக்கிச்சு. எடுத்தாங்க. வச்சுக்கிச்சு.

"காதும் இல்ல, வாயும் இல்ல"ன்னு சொல்லி பேனாவத் தொறந்துட்டாங்க.

டீச்சருக்கு மனசு கேக்கல போல. எங்கிட்ட வந்து உக்காந்தாங்க. "ஏ லீடரு, நீதானே இதோட வெளையாடுவ. இது ஒங்கிட்டப் பேசுமா?"

பேசும்னு தல ஆட்டுனா போதும்டி. ஒரு தல ஆட்டு. இல்லன்னா அந்தப் பிள்ளையோட பேச்சுல ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா, அது ஒடனே பதில் சொல்லியிருக்கும், அந்தப் பேனா மூடியிருக்கும். தாயத்துக் கயிறு கையில இறுக்குது. அந்தச் செவப்புப் பல்லு ஞாபகம் வருது. அந்தப் பிள்ளை என்னயவே பாக்குது. நான் என்ன செஞ்சேன்னா, விரலத் தூக்கி என் வாயில வச்சுக்கிட்டேன். வச்சுட்டு, இல்லன்னு தலையாட்டுனேன்.

ஆயா ஓடிப்போயி அவங்கம்மாவக் கூட்டியாந்துச்சு. அதே நூல்பஞ்சு தலையில. அதிகாரியம்மா நல்லவிதமாத்தான் சொன்னாங்க, டவுன்ல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு ஸ்கூல் இருக்கு, அங்கயே தங்கிப் படிக்கலாம், அரசாங்கமே பாத்துக்கும், இதுல கையெழுத்து மட்டும் போடுங்கன்னு.

"எம் பிள்ளைக்கா? வீட்ல இவ வாய மூட வைக்க முடியல, நீங்க ஊமைங்கிறீங்க!"

"பெத்தவங்க எல்லாரும் மொதல்ல இப்படித்தான்மா சொல்லுவீங்க. மணி அடிச்சேன், திரும்பல. நீங்களே பேசிப் பாருங்க."

அவங்கம்மா உக்காந்து அவங்க பாஷையில என்னமோ சொன்னாங்க. பேசு, பேசுன்னுதான் சொல்லியிருப்பாங்க. அது அம்மாவப் பாத்துச்சு, டீச்சரப் பாத்துச்சு, என்னயப் பாத்துச்சு. என் விரலு இன்னும் என் வாயிலதான இருந்துச்சு? அதனால அதுவும் எடுக்கல. அம்மா கெஞ்சுனாங்க. தோளப் புடிச்சு ஒலுக்குனாங்க. கடைசியில பொளேர்னு ஒண்ணு விட்டாங்க. அது அழுதுச்சுடி. விரல எடுக்காம அழுதுச்சு. சத்தமே இல்ல. கண்ணீரு விரல் வழியா முழங்கை வரைக்கும் ஓடுச்சு.

கையெழுத்துப் போட மாட்டேன்னு அவங்கம்மா தாளத் தள்ளி விட்டாங்க. "போடாட்டியும் நான் எழுதித்தான் ஆகணும்"னு அதிகாரியம்மா எழுதி, பேக்குல வச்சுட்டு ஜீப்புல ஏறிட்டாங்க. ஜீப்புப் பொகை அடங்குற வரைக்கும் அவங்கம்மா அங்கயே நின்னாங்க. அப்புறம் பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுட்டு வாசப்படியிறங்குனாங்க.

இறங்குனதும் விரல எடுத்துருச்சு.

எடுத்து, அழுதுக்கிட்டே, மொத்தத்தையும் கொட்டுச்சு. தெருவே திரும்பிப் பாத்துச்சு. என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியாது. வாசல்ல டீச்சர் சொவத்தப் புடிச்சுட்டு நின்னாங்க. "ஐயோ, பேசுது ஆயா"ன்னாங்க. "ஏம்மா, இருங்கம்மா, ஏம்மா"ன்னு பின்னாடியே கொஞ்ச தூரம் ஓடுனாங்க. அவங்கம்மா திரும்பல. ஜீப்பு எப்பவோ போயிருச்சு.

அடுத்த மாசம் தறிய எடுத்துட்டு டவுனுக்கே போயிட்டாய்ங்கன்னு ஆயா சொல்லிச்சு. அந்தத் தாளு எந்த ஆபீஸ்ல எந்தக் கட்டுக்குள்ள இருக்கோ தெரியல. அத வச்சு யாரும் அந்தப் பிள்ளைய ஒண்ணாப்புல சேக்க மாட்டேன்னு சொன்னாய்ங்களா, இல்ல யாரும் அதப் பாக்கவே இல்லையா, அதுவும் தெரியல. தாயத்து ஆறு மாசத்துல கயிறு அந்து எங்கிட்டோ விழுந்துருச்சு. அத்தை செத்துப்போறவரைக்கும் கோடாங்கிதான் என்னயக் காப்பாத்துனாருன்னு சொல்லிட்டு இருந்துச்சு. காலேஜ்ல நம்ம கூடப் படிச்ச பட்டுநூல்காரப் பொண்ணு கேண்டீன்ல அவங்கம்மாட்ட 'பாத்'துன்னு சொல்லுறதக் கேட்டப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அன்னைக்கு நான் ஏன் சாப்புடாம எந்திரிச்சுப் போனேன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? பதினெட்டு வயசு வரைக்கும் அந்தப் பிள்ளை உசுரோட இருந்த பிள்ளையா, செத்த பிள்ளையான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கொழப்பம் இருந்துச்சுடி. சிரிக்காதீங்க.

யார வைய? டீச்சரயா, கோடாங்கியயா, அந்த அதிகாரியம்மாவயா? யோசிச்சுப் பாத்தா எல்லாரும் அந்தப் பிள்ளைக்கோ எனக்கோ நல்லது செய்யத்தான் வந்தாய்ங்க. கிள்ளுனது நான் ஒருத்திதான்.

நாளைக்கும் ட்ரெய்னிங்ல அந்தம்மா விரல வைக்கச் சொல்லுவாங்க. நீங்க வைங்க, வைக்காட்டிப் போங்க. எனக்கு வேலை குடுக்க மாட்டேன்னாலும் சரி, நான் வைக்க மாட்டேன்.

ஒண்ணு விட்டுட்டேன். அன்னைக்கு தெரு திரும்புறதுக்கு முன்னாடி, அம்மா தோளுக்கு மேல இருந்து அந்தப் பிள்ளை எங்களப் பாத்துச்சு. அழுகைய நிப்பாட்டிட்டு, கைய மடக்கி மடக்கி, எனக்குத் தெரிஞ்ச ஒரு வார்த்தைய ரெண்டு தடவ சொல்லிச்சு.

"அவோ. அவோ."

நான் வாசப்படிக்கு உள்ள நின்னுட்டு இருந்தேன். வாயில விரல்.